பன்னிரண்டு நொடி

பெல்லந்தூரில் ராத்திரி ஒன்றரை மணி.
அந்த நாட்டில் இப்போது பின்மதியம்,
யார் அதிபர் என்று
மூன்றாவது நாளாகத் தெரியாத பின்மதியம்.

என் வரிசையில் இருநூற்றுப் பதினாலு பதிவுகள்.
ஒன்றுக்குப் பன்னிரண்டு நொடி.
நீக்கு, அல்லது விடு.
'மேலே அனுப்பு' என்று மூன்றாவது பொத்தானும் உண்டு.
அதை அடிக்கடி அழுத்தினால்
ஹர்ஷிதா நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்துவிடுவாள்,
எழுந்து நடக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது.
இயந்திரம் மொழிபெயர்த்துத் தருகிறது.
வசவெல்லாம் குளித்துத் தலைசீவிக்கொண்டு வருகிறது:
'மதிப்பிற்குரிய கொள்ளையரே,
எங்கள் வாக்குகளை உட்கொண்டீர்கள்.'
விடு.

இரண்டு பேர் பதவியேற்றுவிட்டார்கள்.
இரண்டு மார்புக்கும் குறுக்கே ஒரே நீலப் பட்டை.
ஒருவர் எண்ணியது போதும் என்கிறார்,
மற்றவர் எண்ணவே இல்லை என்கிறார்.
இருவரின் ஆட்களும் ஒரே படத்தைப் பகிர்கிறார்கள்,
ஆற்றங்கரையில் கருகிய பெட்டி.
வாக்குப் பெட்டியா, மீன் பெட்டியா?
பெரிதாக்கிப் பார்த்தேன். மூடியில் ஒட்டியிருப்பது
செதில் மாதிரியும் இருக்கிறது,
காகிதச் சாம்பல் மாதிரியும்.
நீக்கினேன்.
பத்து நிமிஷத்தில் அதே பெட்டி
வேறொரு பெயரில் திரும்பி வந்தது.
அப்போது என்ன செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

*

போன தேர்தலில் கே.ஆர்.புரம் பள்ளிக்கூடத்தில்
நாற்பது நிமிஷம் நின்றேன்,
இரவுப் பணி முடிந்த கண்ணோடு.
அதிகாரி அடிஸ்கேலைப் பட்டியல் மேல் வைத்து
வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்தார்.
அறுநூற்று நாற்பத்து மூன்று. பெர்சிஸ் மரியநாதன்.
என் பழைய படம், ஸ்டுடியோக்காரர் சொல்லிச் சிரித்த சிரிப்பு.
அதன்மேல் சாய்வாக ஒரு முத்திரை, நீக்கப்பட்டது.
காரணம்: இடம்பெயர்ந்தார்.

ஐயா, நான் இங்கேதான் நிற்கிறேன் என்றேன்.
தெரிகிறதம்மா என்றார்.
நல்ல மனிதர். தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.
ஆறாம் நம்பர் படிவம் அடுத்த தடவைக்கு உதவும் என்றார்.
யாரும் கத்தவில்லை.
எந்த ஆற்றங்கரையிலும் எதுவும் எரியவில்லை.
கொஞ்சம் நகருங்க என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
அப்போதுதான் நான் இடம்பெயர்ந்தேன்.

எதிர் ஓட்டலில் பலகை:
மை விரலைக் காட்டினால் தோசை பாதி விலை.
முழு விலை கொடுத்துச் சாப்பிட்டேன்.
வெண்ணெய் தாராளமாகத்தான் வைத்தார்கள்.

*

இருநூற்றுப் பத்தாவது பதிவில் ஒரு டீச்சர்.
பின்னால் கரும்பலகை,
ஏழாம் வாய்ப்பாடு பாதியில் நிற்கிறது.
கையில் காகிதம், கேமராவில் இடிக்கிற மாதிரி.
'இது என் சாவடி. நானே எண்ணினேன்.
நூற்று எண்பத்தாறு. இருநூற்றுப் பதினொன்று. பதினாலு.
மொத்தம் நானூற்றுப் பதினொன்று.
வானொலியில் ஆயிரத்து இருபது என்கிறார்கள்.
எங்கள் ஊரில் அத்தனை பேர் இல்லை,
ஆடுகளைச் சேர்த்தாலும்.'

உறுதிசெய்யப்படாத எண்ணிக்கையைப் பரப்பினால் நீக்கு.
விதி ஏழு, நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு மாறியது.
மாற்றியது யார் என்று மின்னஞ்சலில் இல்லை.

எட்டு. ஒன்பது.
எங்கள் தளத்துக்குள் பேனா கொண்டுவரக் கூடாது, காகிதமும்.
மேஜைக்கு அடியில் விரல் விட்டுக் கூட்டினேன்.
ஆறும் ஒன்றும் ஏழு, நாலு சேர்த்தால் பதினொன்று,
மிச்சம் ஒன்று.
எட்டும் ஒன்றும் ஒன்றும் பத்து, மிச்சத்தோடு பதினொன்று,
திரும்பவும் மிச்சம் ஒன்று.
கடிகாரம் சிவந்து, பூஜ்யத்தைத் தாண்டி,
கழித்தல் குறி போட்டுக்கொண்டு ஓடியது.

பின்னால் சக்கரச் சத்தம்.
'ஏனாய்து, பெர்சிஸ்?'

நூறாம் இடத்தில் இருந்தேன்,
மை படாத அந்த விரலில்.
ஒன்றும் இரண்டும் மூன்று. மிச்சம் ஒன்று. நாலு.

கூட்டல் சரியாக இருக்கிறது என்றேன்.